உள்ளங்கை அளவு

இது நடந்த வரிசையில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. ஜூலியின் தோல் தெளிந்த பிறகு ரோசரி ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாளா, இல்லை, சாட்சி சொன்ன பிறகு தோல் தெளிந்ததா? ரோசரியே இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்கள் தங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஞாபகம் இருக்கிற வரையில் முதலில் வந்தது பாசார் மாலத்தில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய களிம்பு, அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் அதையும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். ரோசரிக்குத் தன் மகளைத் தொட அருவருப்பாக இருந்தது.

அவர்கள் குடியிருந்தது மலேசியாவில், கோப்பெங்குக்கு வெளியே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தில். தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்துவிட்டு மலிவு வீடுகள் கட்டியிருந்தார்கள். பின்பக்கம் செம்பனைத் தோட்டம். ரோசரியின் கணவன் லியோனார்ட் பக்கத்துக் கல் குவாரியில் லாரி ஓட்டினான். பேச்சு குறைவான மனுஷன். பேசினால் பாதி கிண்டலாக இருக்கும். ஒரே பிள்ளை ஜூலியானா. ஒன்பது வயது, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. கைக்குழந்தையாக இருந்தபோதே கன்னத்தில் சிவந்து தொடங்கியது. பழைய ஆட்கள் கரப்பான் என்றார்கள். கிளினிக்கில் எக்ஸிமா என்றார்கள். கத்திரிக்காயை நிறுத்தினார்கள், கருவாட்டை நிறுத்தினார்கள், இறாலையும் முட்டையையும் நிறுத்தினார்கள். பிள்ளை மெலிந்தாள், கரப்பான் மெலியவில்லை.

காலையில் எழுந்ததும் ரோசரியின் முதல் வேலை ஜூலியின் மெத்தை விரிப்பைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் உதறுவது. செதில் செதிலாகத் தோல் பறக்கும். வெயில் படும்போது அது மின்னும், அதுதான் இன்னும் மோசம். சில நாள் காற்று திரும்பி அவள் முகத்திலேயே கொண்டுவந்து போடும். வாயை இறுக மூடிக்கொள்வாள். பிள்ளையின் முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்னாலும் காது மடலுக்குக் கீழேயும் நீர் கசிந்து, காய்ந்து, மஞ்சளாக ஒட்டியிருக்கும். அதற்கு ஒரு வாடை உண்டு, கெட்டுப்போன தேங்காய்ப்பால் மாதிரி. தலையணை உறையில் எறும்பு ஏறும். எறும்பைக் கண்ட அன்று ரோசரிக்குக் காலைச் சாப்பாடு இறங்காது.

அவள் அப்படி மூக்கைச் சுளிக்கிற குடும்பத்தில் பிறந்தவளும் இல்லை. சிலிம் ரிவர் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மர நிரைக்குப் போய், கோப்பையில் உறைந்து நாறும் கட்டிப்பாலைப் பொறுக்கிச் சாக்கில் சுமந்திருக்கிறாள். அந்த நாற்றம் தலைமுடியில் ஏறினால் இரண்டு குளியலுக்கும் போகாது. அதற்கு அவள் முகம் சுளித்ததில்லை, அந்தக் கையோடு சோறும் தின்றிருக்கிறாள். பெற்ற பிள்ளையின் முழங்கையில் களிம்பு தடவிவிட்டு எழுந்தால் மட்டும் கால் நேராகக் குழாயடிக்குப் போனது. சோப்புப் போட்டுக் கழுவுவாள். முகர்ந்து பார்ப்பாள். மறுபடியும் கழுவுவாள். இது எந்தத் தாய்க்காவது உண்டா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

லியோனார்டுக்கு அருவருப்பே இல்லை என்று அக்கம்பக்கத்தில் பெயர். அவன் பிள்ளையைத் தொட்டால்தானே அருவருப்பு வருவதற்கு, என்று ரோசரி மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். வேலை முடிந்து வந்தால் லாரியைத்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான்.

அந்தக் களிம்பைக் கொண்டுவந்து கொடுத்தவள் பாசார் மாலத்தில் மருந்துக் கடை போடுகிற ஒருத்தி. தாய்லாந்துச் சரக்கு என்றாள். வெள்ளை டப்பா, மேலே ஒரு எழுத்தும் இல்லை. தடவிய இரண்டாம் நாளே சிவப்பு வடிந்தது. ஒரு வாரத்தில் ஜூலியின் கை மற்றப் பிள்ளைகளின் கை மாதிரி ஆனது. ரோசரி அதைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவள் கை கழுவவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் ஈப்போ பக்கம் புந்தோங்கில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு லியோனார்டோடு கோயிலுக்குப் போவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் இது. கடைவீட்டு மாடியில் ஒரு கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு. நடத்துகிறவர் ஜெயபாலன் பாஸ்டர். முன்னே காப்புறுதி ஏஜெண்டாக இருந்தவர், குரல் நன்றாக இருக்கும். ஜெபம் பண்ணும்போது கையில் ஒரு கைக்குட்டை வைத்திருப்பார். நோயாளிகள் தலையை அதனால்தான் தொடுவார், நேராகத் தொடமாட்டார். அது அபிஷேகம் பண்ணின துணி என்றார்கள். ரோசரிக்கு அதைப் பார்க்கும்போது வேறு ஒன்று தோன்றும். தோன்றியதை உடனே அடக்கிக்கொள்வாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. சுகம் வருவதற்கு முன்னாலேயே எழுந்து நின்று, சுகமாகிவிட்டது என்று நன்றி சொல்ல வேண்டும். அதுதான் விசுவாசம். சொன்ன பிறகு வலி இருக்கிறது, புண் இருக்கிறது என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் வந்துகொண்டிருக்கிற சுகம் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விடும்.

ரோசரி சொன்னாள். எல்லார் முன்னாலும், மைக் பிடித்து, அழுதுகொண்டே சொன்னாள். வெள்ளை டப்பாவைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. பாஸ்டர் ஜூலியை மேடைக்குக் கூப்பிட்டுச் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டச் சொன்னார். படம் எடுத்தார்கள். ரோசரியின் கைப்பேசியில் பழைய படம் ஒன்று இருந்தது. காதுக்குக் கீழே நீர் வடிகிற படம், டாக்டரிடம் காட்ட எடுத்தது. அதையும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டத்தின் கைப்பேசிக் குழுவில் வந்தன. பழைய படத்துக்குக் கீழே ஆட்கள் கைகூப்பும் பொம்மைகளையும் பூக்களையும் வரிசையாகப் போட்டிருந்தார்கள். தன் மகளின் சீழில் ஊர் பூ வைக்கிறது என்று நினைத்து ரோசரி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். சந்தோஷத்தில் அப்படித் தோன்றுகிறது என்று சமாதானம் செய்துகொண்டாள்.

களிம்பு தீர்ந்தது. கடைக்காரி அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். தீர்ந்த வாரமே கரப்பான் திரும்பி வந்தது, முன்னே போகாத இடங்களுக்கெல்லாம் வந்தது. கண் இமை வெடித்தது. விரல் மடக்க முடியாமல் ஜூலி பென்சிலைக் கைமுட்டியில் பிடித்து எழுதினாள்.

ரோசரி பாஸ்டருக்குப் போன் பண்ணினாள்.

“சிஸ்டர், ஒன்னும் திரும்பி வரலை,” என்றார் அவர். “வந்த மாதிரி சாத்தான் காட்டுறான், அவ்வளவுதான். நீங்க வாயால கொடுத்ததை வாயால கெடுத்துக்காதீங்க. பிள்ளையையும் சுகமாயிட்டேன்னு அறிக்கை பண்ணச் சொல்லுங்க.”

“ரத்தம் வருது பாஸ்டர்.”

“பார்த்தீங்களா, இதைத்தான் சொல்றேன். அந்த வார்த்தையே வேணாம்.”

அன்றிலிருந்து வீட்டில் அந்த வார்த்தை இல்லை. கரப்பான் என்றோ எக்ஸிமா என்றோ யாரும் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் ‘சுகமாயிட்டேன்’ என்று சொல்ல ஜூலி பழகிக்கொண்டாள். நீளக் கைச்சட்டை போட்டுப் பள்ளிக்குப் போனாள். சொறிந்துகொண்டே சொல்வாள், ‘சுகமாயிட்டேன் டீச்சர்’. லியோனார்ட் ஒரு தடவை கேட்டான், “ஏன்லா, நம்ம கோயில்ல புண்ணு இருக்குன்னு சொன்னா சாமி கோவிச்சுக்கிறதில்லையே? அங்க இருக்கிற சாமி மட்டும் ஏன் இவ்வளவு சென்சிட்டிவ்?” ரோசரி அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. அவனுக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை.

கடைசியில் அவன்தான் ஒரு நாள் லீவு போட்டு, ஒன்றும் சொல்லாமல் பிள்ளையை அரசாங்கக் கிளினிக்குக் கொண்டுபோனான். அங்கிருந்து ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கரப்பானுக்கு ஒரு புது ஊசி போட்டு ஆராய்ச்சி நடக்கிறது, சேர்ந்தால் மருந்து இலவசம் என்றார்கள். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, “போலாம்,” என்றான். அவ்வளவுதான் சொன்னான். ரோசரிக்குப் போக ஆசையும் இருந்தது. ஊசி போடுவதாகச் சொன்னால்தானே தப்பு, சும்மா போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினாள்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் எல்லாம் பிள்ளைகள். ஒருவன் நாற்காலி விளிம்பில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு மலாய்க்காரக் குழந்தைக்கு இரண்டு கையிலும் காலுறை மாட்டியிருந்தார்கள். சீனத்தி ஒருத்தி தன் மகனின் விரல்களைத் தன் கைக்குள் பொத்தி வைத்திருந்தாள், அவன் விடுவித்துக்கொள்ளப் போராடினான். கூடம் முழுக்கச் சொறிகிற சத்தம், காய்ந்த இலையில் கோழி கிளறுகிற மாதிரி. தரையில் பொடி விழுந்து கிடந்தது. ரோசரி தன் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் பெயர் மாதுமை. யாழ்ப்பாணத்துப் பரம்பரை, மூன்று தலைமுறையாக ஈப்போவில் இருந்தும் வீட்டுப் பேச்சு மாறாத குடும்பம். “வாங்கோ, வாங்கோ. பிள்ளைக்கு என்ன பேர்?” என்று எழுந்து வந்தாள். ஜூலியை உள்ளாடையோடு கட்டிலில் உட்காரவைத்தாள். கையுறை போடவில்லை. நேராகவே அந்த முழங்கை மடிப்பில், கசிகிற இடத்துக்குப் பக்கத்தில், கையை வைத்தாள். வைத்த கை அங்கேயே இருந்தது, அவசரமாக எடுபடவில்லை. ரோசரி அந்தக் கையையே பார்த்தாள். அந்த நிமிஷம் அவளுக்கு டாக்டரைப் பிடிக்காமல் போனது.

“உங்கட கையை விரியுங்கோ பாப்பம்,” என்றாள் டாக்டர் ஜூலியிடம். “இந்த உள்ளங்கை இருக்கெல்லோ, விரலோட சேர்த்து, இது உங்கட உடம்பில நூறில ஒரு பங்கு. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பிடித்தான். இப்ப நாங்க ரெண்டு பேருமா சேர்ந்து, எத்தனை கை சிவந்திருக்கெண்டு எண்ணுவம்.”

ஜூலிக்கு அது விளையாட்டாக இருந்தது. தன் உள்ளங்கையையே அளவாக வைத்து, கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று, வயிற்றில் இரண்டு என்று வைத்து வைத்து எண்ணினாள். கைக்கு எட்டாத முதுகை டாக்டர் எண்ணினாள். சிவப்பு எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, கீறல் எவ்வளவு, தோல் யானைத்தோல் மாதிரி ஆனது எவ்வளவு என்று ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டாள். முடித்தபோது எண்ணிய கைகள் உடம்பில் பாதியை நெருங்கிவிட்டன. ஜூலி பெருமையாக அப்பாவைப் பார்த்தாள், பரீட்சையில் நிறைய வாங்கினவள் மாதிரி. லியோனார்ட் சுவரைப் பார்த்தான்.

“இது நான் பாத்துப் போடுற கணக்கு,” என்றாள் டாக்டர். “இன்னொரு கணக்கு இருக்கு. இதால பிள்ளையின்ட சீவியம் எப்பிடிப் போகுது எண்டு நீங்களும் பிள்ளையும் சொல்ற கணக்கு. நித்திரை, பள்ளிக்கூடம், விளையாட்டு, எல்லாம். ரெண்டும் ஒரு அளவுக்கு மேல இருந்தால்தான் ஊசிக்கு எடுக்க ஏலும். இடம் முடியப்போகுது. இண்டைக்குச் சேராட்டி, இனி எப்ப எண்டு எனக்கே தெரியாது. பக்கத்து அறையில ஒருவர் கேள்வி கேப்பா. உள்ளதைச் சொல்லுங்கோ, சரியே?”

பக்கத்து அறையில் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவள் சரளா.

புந்தோங் கூடத்தில் முன்வரிசையில் உட்காருகிற அதே சரளா அக்கா. ரோசரி மைக் பிடித்து அழுத அன்று தோளைத் தட்டிக்கொடுத்தவள். அவள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று தெரியும், இந்த வேலை என்று தெரியாது.

“ஐயோ, ரோசரி! நீயா லா!” என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். ஜூலியைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டியவள், பாதியில் அதைத் திருப்பிப் பிள்ளையின் தலைமுடியை மட்டும் தொட்டாள். “எங்க குழுவோட அற்புதப் பிள்ளை! நீங்க ஏன் இங்க? செக்கப்பா?”

“சும்மா செக்கப்தான் அக்கா,” என்றாள் ரோசரி.

லியோனார்ட் தொண்டையைச் செருமினான்.

சரளா தட்டைக் கணினியைத் திறந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பதில்: இல்லவே இல்லை, கொஞ்சம், நிறைய, ரொம்ப நிறைய. அவள் கேட்ட விதம் ஒரு தினுசாக இருந்தது. பதிலைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டுக் கேள்வியைப் பின்னால் அனுப்பினாள்.

“போன வாரத்துல அரிப்பால தூக்கம் கெடலையே ரோசரி?”

“இல்லைக்கா.”

“ஆமென். பிள்ளைய கவனிக்கிறதால உனக்கு அசதி, கோவம், சண்டை, அதெல்லாம் இல்லைதானே?”

“இல்லை.”

“சாப்பாடு, துணி துவைக்கிறது, வெளிய போறது, எதுலயும் தொந்தரவு இல்லை?”

“இல்லவே இல்லை.”

சொல்லச் சொல்ல ரோசரிக்குத் தன் வாய்க்குள் என்னமோ ஊறுகிற மாதிரி இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. லியோனார்ட் அவள் பக்கம் குனிந்தான். “சொல்லு லா,” என்றான் மெல்ல. “வேற எதுவும் வேணாம். காலையில விரிப்ப உதறுறத மட்டும் சொல்லு.”

“அண்ணே, நீங்க குறுக்க பேசாதீங்க, அம்மாதான் சொல்லணும்,” என்றாள் சரளா சிரித்துக்கொண்டே. பிறகு படம் போட்ட கேள்விகளுக்கு வந்தாள். அது பிள்ளைக்கு. ஒரு நாய்க்குட்டி தன்னைச் சொறிந்துகொள்கிற படம், ஒரு பையன் நீந்துகிற படம், சில பிள்ளைகள் ஒருத்தியைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிற படம். “ஜூலிம்மா, அரிக்குதா உனக்கு?”

ஜூலி முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சரளாவைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“சுகமாயிட்டேன்!” என்றாள்.

சொன்ன குரல் அவளுடையது இல்லை. கடைசி எழுத்தை இழுத்து, கொஞ்சம் நடுங்கவிட்டு, டப்பென்று நிறுத்துகிற குரல். ஜெயபாலன் பாஸ்டரின் குரல். வலது கையைக்கூட அவர் தூக்குகிற உயரத்துக்குத் தூக்கினாள். அதே நேரத்தில் மேசைக்கடியில் அவளுடைய இடது காலணி வலது முழங்கால் பின்பக்கத்தை மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைக் காலுறையில் ரத்தம் இறங்கி, புதுசாக, சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு அது தெரிந்த மாதிரியே இல்லை. வாய் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.

ரோசரிக்குக் குமட்டியது. இத்தனை வருஷமாகப் பழகின குமட்டல்தான். ஆனால் இந்தத் தடவை அது தோலைப் பார்த்து வரவில்லை. புண்ணும் நீரும் வாடையும் அந்தக் குரலுக்கு முன்னால் சுத்தமாக இருந்தன. தன் பிள்ளையின் வாய்க்குள் வேறு ஒரு ஆளின் எச்சில் இருக்கிற மாதிரி இருந்தது. அதை ஊட்டிவிட்டது தன் கைதான் என்பதும் தெரிந்தது.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். “டாக்டர், கொஞ்சம் வாங்க,” என்றாள்.

மாதுமை வந்தாள். கணினியை வாங்கிப் பார்த்தாள். வரிசையாகப் பூஜ்யம். புருவத்தைத் தூக்கினாள். “நான் பாத்த கணக்கு ஒரு பக்கம் போகுது, இது இன்னொரு பக்கம் போகுது. இந்தப் பிள்ளைதானா இது?”

“அக்கா கேட்டது சரியில்லை, நான் சொன்னதும் சரியில்லை,” என்றாள் ரோசரி. “எல்லாம் பொய். தூங்கி வருஷக் கணக்காச்சு. அது சரி, எல்லாருக்கும் உள்ளதுதான். வேற ஒன்னு இருக்கு, அது இந்தக் கேள்வியிலேயே இல்லை. எனக்கு... எனக்கு இவளைத் தொட அருவருப்பா இருக்கு டாக்டர். மருந்து போட்டுட்டுக் கை கழுவுறேன். கழுவிட்டு மோந்து பார்க்கிறேன். பெத்த பிள்ளைய.”

“ரோசரி!” என்றாள் சரளா. “பிள்ளை முன்னாடி என்ன பேச்சு இது! அறிக்கை பண்ணிட்டு இப்படியா—”

“நீங்க மட்டும் அவள் முடியை ஏன் அக்கா தொட்டீங்க?” என்றாள் ரோசரி. “கட்டிப்பிடிக்கத்தானே வந்தீங்க?”

சரளாவின் முகம் கறுத்தது. லியோனார்ட் தன் பெரிய கைகளை முழங்கால்மேல் வைத்து, முதல் தடவையாகப் பார்ப்பது மாதிரி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்குத் தெரியும்மா,” என்றாள் ஜூலி. இப்போது அது அவள் குரல்தான். “குழாய் சத்தம் ரூமுக்குக் கேக்கும்.”

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சரளாவை வெளியே அனுப்பிவிட்டு, முதலிலிருந்து கேட்டாள். பதிலை நீட்டாமல் கேட்டாள். தூக்கம், ரொம்ப நிறைய. அரிப்பு, ரொம்ப நிறைய. நீச்சல் படம் வந்தது.

“நான் ஒருநாளும் போனதில்லை,” என்றாள் ஜூலி. “போனாத்தானே தொந்தரவு?”

பிள்ளைகள் சுட்டிக்காட்டிச் சிரிக்கிற படம் வந்தது.

“உங்களையும் இப்பிடி ஆராவது கேலி செய்யிறவையா?”

“இல்லை. யாரும் என்கிட்ட பேச மாட்டாங்க. பேசினாத்தானே கேலி பண்ண முடியும்?”

டாக்டரின் விரல் திரைமேல் நின்றது. விதிப்படி அந்தக் கேள்விக்கு ‘இல்லவே இல்லை’தான் போட வேண்டும். பூஜ்யம். கேலியே இல்லாத நல்ல வாழ்க்கை. அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். ஆங்கிலத்தில் ஒரு கெட்ட வார்த்தை அது என்று லியோனார்ட் பிறகு சொன்னான். பூஜ்யத்தையே போட்டாள். மற்றதெல்லாம் கூட்டி அளவைத் தாண்டிவிட்டது. ரோசரி கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும் வழியில் புந்தோங்கில் காரை நிறுத்தி லியோனார்ட் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கி வந்து பிள்ளையிடம் கொடுத்தான். கொடுத்தபோது ஒரு நிமிஷம் அவளுடைய கன்னத்தில் விரல் முதுகை வைத்தான். வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கைக்குப் போனான். கோப்பெங் சாலைக்குத் திரும்பும்போது, ஜூலி பின்னாலிருந்து கையை முன்னே நீட்டினாள்.

“இந்தாம்மா.”

வெடித்த உள்ளங்கை. கோடுகளில் கறுப்பு ரத்தம். சற்று முன்னால் உடம்பெல்லாம் வைத்து அளந்த அதே கை. அதன் நடுவில் ஒடித்த முறுக்கு, கூடவே ஒரு செதில். பிள்ளை கையை நீட்டியபடியே காத்திருந்தாள். வேண்டாம் என்றாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள்.

ரோசரி எடுத்தாள். வாயில் போட்டாள். மென்றாள். அருவருப்பு போய்விடவில்லை. அதையும் சேர்த்து விழுங்கினாள். வீட்டுக்குப் போய் எவ்வளவு நேரம் குழாய்ப் பக்கம் போகாமல் இருக்க முடியும் என்று வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தாள்.

பிறகு நடந்தது இவ்வளவுதான். ஜூலிக்கு ஊசி போட்டார்கள். சில மாதங்களில் தோல் பெரும்பாலும் தெளிந்தது. முழங்கால் பின்னால் மட்டும் கறுத்த தழும்பு இருக்கிறது. கோயிலில் புது நன்மை, முதல் நற்கருணை, வாங்கியபோது கையில்லாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். அந்தப் படத்தை ஒரு சொந்தக்காரர் இணையத்தில் போட, அதை எடுத்து, பழைய சீழ்ப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஜெயபாலன் பாஸ்டர் மறுபடியும் குழுவில் அனுப்பினார். ரோசரி போன் பண்ணி எடுக்கச் சொன்னாள். “எப்படியோ சொன்னது நடந்துச்சு இல்ல சிஸ்டர்?” என்றார். எடுக்கவில்லை. அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சரளாவைக் கேள்வி கேட்கிற வேலையிலிருந்து மாற்றிப் பதிவு மேசையில் உட்காரவைத்தார்கள்; வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இன்னும் முன்வரிசையில்தான் உட்காருகிறாள். டாக்டர் மாதுமை கோலாலம்பூருக்கு மாற்றலாகிப் போனாள். லியோனார்ட் அதே லாரியை ஓட்டுகிறான். ரோசரி ஜெபக்கூட்டத்துக்குப் போவதில்லை. கை கழுவுகிற பழக்கம் அவளை விடவில்லை. பிள்ளையைத் தொடாத நாட்களிலும் கழுவுகிறாள். ஜூலிக்கு இப்போது பதினொரு வயது. தன் களிம்பைத் தானே பூசிக்கொள்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு.